நஷ்டம் யார் கணக்கில்? கூடைப்பந்து ஒப்பந்தமும் ஐபிஎல் ஏலமும் காஞ்சிபுரத்துத் தறியும்

1. கேள்வி

2016 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி, திமோஃபெய் மோஸ்கோவ் என்னும் ரஷ்யக் கூடைப்பந்து வீரருக்கு நான்கு ஆண்டுகளுக்கு 64 மில்லியன் டாலர் தருவதாகக் கையெழுத்திட்டது. முந்தைய மாதம் நடந்த இறுதித் தொடரில் அவருடைய பழைய அணியான கிளீவ்லாந்து அவரைப் பெரும்பாலும் பெஞ்சிலேயே உட்கார வைத்திருந்தது. அதே கோடையில் அதே லேக்கர்ஸ், முப்பது வயதைத் தாண்டிய லுவால் டெங்குக்கு 72 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது. ஓராண்டுக்குள் மோஸ்கோவ் சுமையாகிவிட்டார். 2017 ஜூனில் அவரைப் புரூக்ளின் அணியிடம் தள்ளிவிட, 2015 வீரர் தேர்வில் இரண்டாவதாக எடுத்த இளைஞர் டி'ஆஞ்சலோ ரஸ்ஸலையும் சேர்த்து அனுப்ப வேண்டியதாயிற்று. டெங் தம் இரண்டாம் ஆண்டில் ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். 2018இல் பணம் பேசித் தீர்த்து அவரை விடுவித்தார்கள்.

இந்த வகை ஒப்பந்தங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தரவரிசைப் பட்டியல் போடுகிறார்கள்: யார் அதிகம் வாங்கினார், யார் குறைவாக ஆடினார் என்று. பட்டியலில் வீரர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். காசோலையில் கையெழுத்திட்டவர் பார்வையாளர் வரிசையில் இருக்கிறார். இக்கட்டுரை கேட்பது வேறு. ஒருவருடைய வருங்கால உழைப்புக்கு இன்றே விலை பேசுகிறோம். அந்த மதிப்பீடு தவறிப்போகிறது. அப்போது நஷ்டம் யார் கணக்கில் எழுதப்படுகிறது? அதை அங்கே எழுதும் ஏற்பாட்டை யார் செய்தார்கள்?

காஞ்சிபுரத்திலிருந்து இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பெரிய காஞ்சிபுரத்தையும் அதை ஒட்டிய பிள்ளையார்பாளையத்தையும் உள்ளடக்கிய பட்டு நெசவு வட்டாரம், முன்பணத்தின் மேல் பல தலைமுறைகளாக இயங்கிவருகிறது. நெய்யப்போகும் கைக்கு முன்கூட்டியே பணம் கொடுத்து வைப்பது இங்கே புதிதல்ல. டாலர் மில்லியனையும் தறிக்கூலியையும் அருகருகே வைப்பது பொருந்தாது என்று வாசகர் சொல்லலாம். தொகைகளை நான் ஒப்பிடவில்லை. பிழையின் பாரத்தை எந்தப் பக்கம் சாய்க்கிறது என்ற ஒரே நோக்கில் ஒப்பந்த விதிகளை ஒப்பிடுகிறேன்.

2. விலை எப்படித் தவறுகிறது

மிகைச் சம்பளத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் ஒழுக்கம் சார்ந்தது: பணம் கைக்கு வந்ததும் வீரர் உழைப்பதை விட்டுவிடுகிறார் என்பது. ஒப்பந்தம் முடியும் ஆண்டில் வீரர்கள் கூடுதலாக முயல்கிறார்களா, பின்பு தளர்கிறார்களா என்று பொருளாதார அறிஞர்கள் பலமுறை சோதித்திருக்கிறார்கள். முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பெரிய தோல்விகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் சோம்பலைவிட வயதும் காயமுமே அதிகம் தென்படுகின்றன. இரண்டும் கையெழுத்துக்கு முன்பே வாங்குபவருக்குத் தெரிந்தவை. 2016இல் மெம்ஃபிஸ் அணியிடம் நான்கு ஆண்டுகளுக்கு 94 மில்லியன் டாலர் ஒப்பந்தம் பெற்ற சாண்ட்லர் பார்சன்ஸின் முழங்காலில் அதற்கு முன்பே கத்தி பட்டிருந்தது. மூன்று ஆண்டுகளில் அவர் அங்கு ஆடியது 95 ஆட்டங்கள். ஒரு பருவத்துக்கு மட்டும் 82 ஆட்டங்கள் உண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது விளக்கம் ஏலத்தின் இயல்பிலேயே பிழை இருப்பதாகச் சொல்கிறது. 1971இல் கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூன்று எண்ணெய்த்துறைப் பொறியாளர்கள், கடலடி எண்ணெய் வயல்களை ஏலத்தில் எடுத்த நிறுவனங்கள் ஏன் எதிர்பார்த்த லாபத்தைக் காணவில்லை என்று ஆராய்ந்தார்கள். வயலின் உண்மை மதிப்பு ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் தம் கணிப்பின்படி ஏலம் கேட்கிறார்கள். கணிப்புகளில் மிகவும் மேலே போனவருக்கே வயல் கிடைக்கிறது. ஆகவே ஏலத்தில் வென்றவர் பெரும்பாலும் அதிகமாக மதிப்பிட்டவராகவே இருப்பார். 'வெற்றியாளரின் சாபம்' என்று பெயர் பெற்ற இந்தக் கருத்தை ரிச்சர்ட் தேலர் பின்னாளில் பொருளியலில் பரவலாக்கினார். எண்ணெய் வயலுக்குப் பொருந்துவது மனித முழங்காலுக்கும் பொருந்தும்.

பிழை அத்தோடு நிற்பதில்லை. பேரி ஸ்டாவும் ஹா ஹோவாங்கும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் வீரர் தேர்வில் முன்னதாக எடுக்கப்பட்டவர்களுக்கு அவர்களுடைய ஆட்டத் திறனைக் கணக்கில் கொண்ட பிறகும் கூடுதல் ஆட்ட நேரம் கிடைத்ததைக் காட்டினார்கள். விலை கொடுத்துவிட்டோமே என்பதற்காகவே களத்தில் இறக்கினார்கள். கேமரரும் வெபரும் 1999இல் இதை மறுபரிசீலனை செய்து, விளைவு உண்டு என்றாலும் முதலில் சொன்னதைவிடச் சிறிதாக இருக்கலாம் என்றார்கள். டேவிட் பெர்ரியும் அவருடன் எழுதியவர்களும் 2006 நூலில் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: அணிகள் புள்ளி குவிப்பவருக்கு அள்ளிக்கொடுக்கின்றன, பந்தை மீட்பவரும் பந்தைத் தவறவிடாதவரும் வெற்றிக்குத் தரும் பங்கு சம்பளத்தில் ஏறுவதில்லை.

இவை எல்லாம் வாங்குபவருடைய அறிவைப் பற்றிய ஆய்வுகள். விற்பவரின் குணத்தைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை. 'மோசமான ஒப்பந்தம்' என்று நாம் அழைப்பது, பெரும்பாலான நேர்வுகளில், முதலாளி தம் பணத்தைக் கொண்டு செய்த தவறான கணிப்பு.

3. 2016ஆம் ஆண்டுக் கோடை

அந்தக் கோடை ஏன் அவ்வளவு பிழைகளைப் பெற்றெடுத்தது என்பதற்குத் தனிமனிதக் காரணங்கள் போதாது. 2014இல் என்பிஏ ஒன்பது ஆண்டுகளுக்கு 24 பில்லியன் டாலருக்குத் தொலைக்காட்சி உரிமையை விற்றது; 2016-17 பருவத்திலிருந்து அந்தப் பணம் வரத் தொடங்கியது. ஓர் அணி தன் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு ஏறத்தாழ 70 மில்லியனிலிருந்து 94 மில்லியன் டாலருக்கு ஒரே தாவலில் உயர்ந்தது. உயர்வைச் சில ஆண்டுகளுக்குப் பகிர்ந்து தரலாம் என்ற நிர்வாகத்தின் யோசனையை 2015இல் வீரர் சங்கம் ஏற்கவில்லை. ஆகவே அந்த ஒரு கோடையில் ஒப்பந்தம் முடிந்து சந்தைக்கு வந்தவர்களுக்கு அடித்தது யோகம். அணிகளின் கையில் பணம் நிறைய. சந்தையில் நல்ல வீரர்கள் கொஞ்சம். ஜோக்கிம் நோவா, எவன் டர்னர், பிஸ்மாக் பியோம்போ, இயன் மஹின்மி என்று அந்த ஆண்டின் பெயர்கள் இன்றும் ரசிகர்களின் வசைப்பட்டியலில் இருக்கின்றன.

இதே படத்தின் மறுபாதியையும் பார்க்க வேண்டும். ஸ்டீஃபன் கரி 2012இல், கணுக்கால் காயங்களால் சந்தேகத்துக்கு ஆளாகியிருந்த காலத்தில், நான்கு ஆண்டுகளுக்கு 44 மில்லியன் டாலருக்குக் கையெழுத்திட்டார். 2015, 2016 இரண்டு ஆண்டுகளிலும் அவரே லீகின் மிகச் சிறந்த வீரர். ஆனால் 2016-17 பருவத்தில் அவருடைய சம்பளம் 12 மில்லியன் டாலர் அளவில் இருந்தது. மோஸ்கோவுடையது 16 மில்லியன். கரிக்கு நேர்ந்ததை 'மோசமான ஒப்பந்தம்' என்று எந்தப் பட்டியலிலும் சேர்க்கக் காணோம். வாங்கியவருக்கு லாபமாக முடிந்த தவறான கணிப்பைச் சாமர்த்தியம் என்கிறோம்.

4. வரம்புக்குள் நடக்கும் பங்கீடு

கூடைப்பந்தின் சம்பள ஏற்பாட்டில் பலருக்குத் தெரியாத ஒரு விதி உண்டு. என் வாதத்துக்கு அதுவே அச்சாணி. 2011 கூட்டு ஒப்பந்தப்படி, லீகின் கூடைப்பந்து வருமானத்தில் 49 முதல் 51 விழுக்காடு வரை வீரர்களுக்குப் போக வேண்டும். அதற்கு முன்பு அது 57 ஆக இருந்தது. சம்பளங்களின் மொத்தம் அந்தப் பங்கை மீறினால், முன்பே பிடித்து வைத்த தொகையிலிருந்து முதலாளிகளுக்குத் திரும்பும். குறைந்தால் வீரர்களுக்கு ஈடுகட்டப்படும். அப்படியானால் மோஸ்கோவின் 64 மில்லியன், முதலாளி வர்க்கத்தின் மொத்தச் செலவை ஏற்றவில்லை. அது வீரர்களின் பாதிக்குள்ளேயே, ஒரு வீரரின் பையிலிருந்து இன்னொருவரின் பைக்குப் போயிற்று. லேக்கர்ஸ் உரிமையாளர் தம் அணியின் வாய்ப்பை இழந்தார். அது உண்மையான இழப்பு. ஆனால் மிகைச் சம்பளத்தால் பொருளிழப்பு அடைந்தவர்கள் பெரும்பாலும் சக வீரர்களே.

இது என் வாதத்துக்கு எதிராகவும் திரும்பக்கூடிய செய்தி. வரம்பு இருக்கும் இடத்தில் ஒருவருக்கு அதிகம் என்றால் மற்றவருக்குக் குறைவு. அந்த அளவில் ரசிகரின் மனக்குறை நியாயமானது. ஆனால் வரம்பைப் போட்டது யார்? 1998-99 கதவடைப்புக்குப் பிறகு தனி வீரரின் சம்பளத்துக்கும் உச்சம் வைக்கப்பட்டது. அதற்கு முன் 1997இல் கெவின் கார்னெட் ஆறு ஆண்டுகளுக்கு 126 மில்லியன் டாலர் பெற்றது முதலாளிகளை அச்சுறுத்தியிருந்தது. உச்ச நட்சத்திரத்துக்குத் தர முடியாமல் போன பணம் நடுத்தர வீரரிடம் வழிந்தது. மிகைச் சம்பளமும் குறைச் சம்பளமும் ஒரே விதி ஈன்ற இரட்டையர்.

ஒப்பந்தத் தொகை முழுவதற்கும் இருக்கும் உத்தரவாதம் இதிலிருந்து வேறானது. ஆடினாலும் ஆடாவிட்டாலும், அணி விடுவித்தாலும், கையெழுத்தான பணம் வந்தாக வேண்டும். அதை ஒருவரும் தானமாகத் தரவில்லை. பாப் கூசி 1954இல் தொடங்கிய வீரர் சங்கம், 1964 ஜனவரியில் பாஸ்டனில் நட்சத்திர ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையை விட்டு வெளியே வர மறுத்து ஓய்வூதியத்துக்கு ஒப்புதல் பெற்றது. ஆஸ்கர் ராபர்ட்சன் 1970இல் தொடுத்த வழக்கு 1976இல் சமரசமாகி, வீரர் தமக்குப் பிடித்த அணிக்குப் போகும் வழியைத் திறந்தது. அணிகள் போட்டியிட வேண்டிய நிலை வந்த பிறகுதான் நீண்ட, உறுதியான ஒப்பந்தங்கள் வழக்கமாயின. அதற்கு முன்பும் மதிப்பீடுகள் தவறின. அந்த நஷ்டம் வீரருடைய கணக்கில் சத்தமின்றி ஏறிக்கொண்டிருந்தது. பேஸ்பால் துறையில் ஜெரால்டு ஸ்கல்லி 1974இல் செய்த கணக்கு இதை எண்களில் காட்டியது: அணி மாறும் உரிமையில்லாத காலத்து வீரர்கள், தாங்கள் ஈட்டித்தந்த வருமானத்தில் ஒரு சிறு பகுதியையே பெற்றார்கள்.

5. சேப்பாக்கத்துக் கணக்கு

இந்தியாவில் கூடைப்பந்து வீரருக்கு மிகைச் சம்பளம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2015இல் தொடங்கிய யுபிஏ கூடைப்பந்து லீக் 2017க்குப் பிறகு நடக்கவில்லை. சென்னை ஸ்லாம் அதில் ஆடிய அணி. இங்கே வீரரைக் காப்பாற்றுவது ரயில்வே, வங்கி, ராணுவம் முதலியவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை. ஆடும் காலம் முடிந்தாலும் ஓய்வு வயது வரை சம்பளம் உண்டு என்பதால், உத்தரவாதம் என்ற அளவில் அது என்பிஏவைவிட உறுதியானது. தொகை சிறிது, காலம் நீண்டது.

நம் ஊரில் அந்தப் பேச்சு எழுவது கிரிக்கெட்டில். 2009இல் ஆண்ட்ரூ ஃபிளின்டாஃபை 1.55 மில்லியன் டாலர் ஏல விலைக்குச் சென்னை சூப்பர் கிங்ஸ் எடுத்தது; அவர் மூன்று ஆட்டங்களோடு முழங்கால் காயத்தால் ஊர் திரும்பினார். 2021இல் 9.25 கோடி ரூபாய்க்கு எடுத்த கிருஷ்ணப்பா கௌதமை ஓர் ஆட்டத்திலும் இறக்கவில்லை. 2022இல் 14 கோடிக்கு எடுத்த தீபக் சாஹர் காயத்தால் அந்தப் பருவம் முழுவதும் ஆடவில்லை. 2023இல் 16.25 கோடிக்கு வந்த பென் ஸ்டோக்ஸ் இரண்டு ஆட்டங்களில் 15 ரன் எடுத்தார். அந்த ஆண்டு கோப்பையைச் சென்னையே வென்றது. அந்த இறுதி ஆட்டத்தில் எதிரணி குஜராத்துக்காக 47 பந்துகளில் 96 ரன் அடித்தவர் சென்னைப் பையன் சாய் சுதர்சன். அவருடைய ஐபிஎல் விலை 20 லட்சம். அதே 2023 பிப்ரவரியில் மாமல்லபுரத்தில் நடந்த முதல் டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை அணி அவருக்கு 21.6 லட்சம் கொடுத்திருந்தது. மாநில லீகில் கிடைத்ததைவிட உலகின் மிகப் பணக்கார கிரிக்கெட் லீகில் குறைவு. ஒரே பருவத்தில் மதிப்பீடு இரு திசையிலும் தவறி நின்றது.

இரண்டு தமிழக வீரர்களின் விலைப் பாதை, மிகைச் சம்பளம் என்ற தீர்ப்பு எவ்வளவு அவசரமானது என்பதைக் காட்டும். வருண் சக்ரவர்த்தியை 2019 பருவத்துக்குப் பஞ்சாப் அணி 8.4 கோடிக்கு எடுத்தது. அடிப்படை விலை 20 லட்சம். தம் முதல் ஓவரில் 25 ரன் கொடுத்தார்; அந்த ஓர் ஆட்டத்தோடு காயம். அடுத்த ஏலத்தில் கொல்கத்தா 4 கோடிக்கு வாங்கியது; 2022இல் 8 கோடிக்கும் 2025இல் 12 கோடிக்கும் தக்கவைத்துக்கொண்டது. விரல் அதே விரல், சுழல் அதே சுழல். முதல் 8.4 கோடியைப் பிழை என்று எழுதியவர்கள் பின்னர் வந்த 12 கோடியை வைத்து அதைத் திருத்தி எழுதவில்லை. சின்னப்பம்பட்டி நடராஜன், நெசவுக் கூலித் தொழிலாளியின் மகன், 2017இல் 3 கோடிக்குப் போய் அடுத்த ஆண்டே 40 லட்சத்துக்கு இறங்கினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். 2025 பருவத்துக்கு 10.75 கோடிக்கு ஏறினார். நடுவில் இறங்கிய விலையின் பாரத்தைத் தாங்கியவர் அவரே.

ஐபிஎல் விதிகள் என்பிஏவிலிருந்து விலகும் இடம் இதுதான். அணி ஒவ்வோர் ஆண்டும் வீரரை விடுவிக்கலாம். வீரர் தாமாக வெளியேற முடியாது. ஏலத்தில் போன பிறகு தக்க காரணமின்றி விலகினால் இரண்டு ஆண்டுத் தடை. 2025இல் இங்கிலாந்தின் ஹாரி புரூக் அந்தத் தடைக்கு ஆளானார். 23.75 கோடிக்குப் போன வெங்கடேஷ் ஐயர் ஒரு பருவம் சறுக்கியதும் கொல்கத்தா அவரை விடுவித்தது. நான்காண்டுக் காலம் மோஸ்கோவைச் சுமக்கும் கட்டாயம் இங்கே எந்த அணிக்கும் இல்லை. பிழையின் ஆயுள் ஓராண்டு. அதன்பின் அது வீரரின் விலையில் கழிகிறது.

மொத்தப் பங்கீட்டிலும் வேறுபாடு பெரிது. 2023 முதல் 2027 வரையான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. ஆண்டுக்கு ஏறத்தாழ 9,678 கோடி. 2025இல் ஏலத் தொகை, ஆட்டக் கட்டணம், திறன் ஊக்கத்தொகை எல்லாம் சேர்த்து ஓர் அணியின் சம்பள வரம்பு 146 கோடி. பத்து அணிக்கு 1,460 கோடி. ஒளிபரப்பு வருமானத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே வீரர் பங்கு ஏறத்தாழ ஏழில் ஒன்று; விளம்பரதாரர் பணமும் நுழைவுச்சீட்டும் சேர்ந்தால் இன்னும் குறையும். என்பிஏவில் பாதி. இங்கே ஆடும் வீரர்களுக்கெனத் தொழிற்சங்கம் கிடையாது. 2019இல் உருவான இந்திய கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. ஏலத்தில் ஒரு வீரருக்கு 27 கோடி என்ற ஒற்றை எண் தலைப்புச் செய்தியாகிறபோது இந்த ஏழில் ஒன்று கண்ணில் படுவதில்லை. ஏல மேடையில் வீரர்கள் மிகையாகப் பெறுகிறார்கள் என்ற எண்ணத்தை நான் ஏற்காததற்கு முதன்மைக் காரணம் இதுவே.

6. பிள்ளையார்பாளையத்தில் முன்பணம்

காஞ்சிபுரத்தின் பட்டு நெசவை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு கோணங்களில் பார்த்திருக்கிறார்கள். ஒன்று மரபும் சமூகமும்: ஆர்த்தி கவ்ல்ராவின் 2018 நூல் பத்மசாலியர்களின் நெசவு அடையாளத்தை ஆராய்கிறது. மற்றொன்று அமைப்பு: இவான் ஆர்டர்பர்ன் 1982இலேயே இவ்வூர்ப் பட்டுக் கூட்டுறவுகளைப் பற்றித் தனிநூல் எழுதினார். முன்பணத்தை ஓர் ஒப்பந்தமாக எடுத்து, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்பது இவற்றுக்கு இடையில் நிற்கும் கேள்வி.

தனியார் மாஸ்டர் வீவரிடம் நெய்யும் கூலி நெசவாளிக்குப் பட்டும் ஜரிகையும் முதலாளி தருவார். கூலி சேலைக் கணக்கு. கோர்வைச் சேலை என்றால் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் இணைய வேண்டும். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் மனைவி அல்லது பிள்ளை. அவர் உழைப்பும் அதே கூலிக்குள் அடக்கம். மழைக்காலத்தில் குழித்தறியில் ஈரம் ஏறும்; தெருவில் பாவு போட முடியாது. நெய்யாத நாளுக்குக் கூலி இல்லை. சேலையில் குறை கண்டால் பிடித்தம். வடிவமைப்பு சந்தையில் எடுபடாமல் போனாலும் அடுத்த பாவு தாமதமாகும்.

இந்த வாழ்க்கையில் கல்யாணம், மருத்துவம், தறி பழுது எதற்கும் கை நீட்டும் இடம் முதலாளி. அவர் தரும் முன்பணத்துக்குப் பெரும்பாலும் வட்டியில்லை. தறியில் இருக்கும் வரை திருப்பிக் கேட்கவும் மாட்டார். ஆகவே இதை உதவியாகவே இரு தரப்பும் பேசுவதுண்டு. அந்தப் பேச்சில் உண்மையும் உண்டு. பட்டு விலையும் வெள்ளி விலையும் ஏறி இறங்கும்போது சரக்கைத் தாங்குபவர் முதலாளி. கொடுத்த பணம் திரும்பாமல் போகும் அபாயமும் அவருடையது. இதை மறைத்துவிட்டு ஒருதலையாக எழுதுவது சரியாகாது.

ஆனால் இந்தப் பணத்தின் தன்மையைக் கவனிக்க வேண்டும். சாண்ட்லர் பார்சன்ஸ் ஆடாத ஆட்டங்களுக்கும் பணம் பெற்றார். அது அவருடைய ஊதியம், கணக்கு அங்கே முடிந்தது. பிள்ளையார்பாளையத்து நெசவாளி முன்பணம் வாங்கிய பிறகு பத்து ஆண்டு நெய்தாலும் அந்தத் தொகை அப்படியே நிற்கும்; கூலியில் கழிவதில்லை, உழைத்துத் தீர்வதில்லை. வேறு முதலாளி சேலைக்கு நூறு ரூபாய் கூடத் தருவார் என்று தெரிந்தாலும், முன்பணத்தை வைத்துவிட்டுத்தான் போகலாம். புது முதலாளி பழையவருக்கு அதைக் கட்டினால் தறி மாறும். கடன் புதியவர் பெயருக்கு மாறும். லேக்கர்ஸ் தன் பிழையை வேறு அணிக்குத் தள்ள ரஸ்ஸலை இழந்தது. இங்கே கைமாறும்போது முதலாளிகள் இருவரும் தங்கள் பணத்தைச் சரிகட்டிக்கொள்கிறார்கள். சுமை நெசவாளியோடு நடந்துபோகிறது.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இதை மிகத் தெளிவாகப் பார்த்தது. முன்பணத்துக்கு ஈடாக ஒருவர் வேறு வேலைக்குப் போகும் உரிமையையோ, தம் உழைப்பின் விளைவைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையையோ இழந்தால், அது சட்டத்தின் வரையறைக்குள் வரும். சங்கிலியும் சவுக்கும் அங்கே தேவையில்லை. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட பட்டுத் தொழில் அறிக்கை, பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகக் குழந்தைகள் தறியில் உட்கார்ந்த நிலையைக் காஞ்சிபுரம் உள்ளிட்ட இடங்களில் பதிவு செய்தது. அதன் பிறகு தறியில் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது உண்மை. பள்ளியும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளும் இளைய தலைமுறையை வெளியே இழுத்தன. குறைந்தது சிறுவர் உழைப்பு. பெரியவர்களின் முன்பணம் அதே விதிகளில் நிற்கிறது.

ரசிகர் வசைபாடும் 'மோசமான ஒப்பந்த'த்தில், பிழை செய்தவரும் தம் அணியின் வாய்ப்பை இழந்து பிழைக்கு ஒரு விலை கொடுக்கிறார். அதனாலேயே அது கண்ணுக்குத் தெரிகிறது. செய்தித்தாளில் எண்ணோடு வருகிறது. தறியில் நடக்கும் பிழைக்கு எண் இல்லை, செய்தி இல்லை. எந்த வடிவம் விற்கும், எவ்வளவு நூல் வாங்கலாம், எத்தனை தறி ஓட்டலாம் என்று தவறாகக் கணித்தவர் ஒருவர். கூலியில்லாத வாரங்களால் அதை ஈடுசெய்கிறவர் இன்னொருவர். கோபம் கொள்ளத்தக்க ஒப்பந்தம் இதுவென்றே நான் கருதுகிறேன்.

7. கூட்டுறவு தந்ததும் தராததும்

காஞ்சிபுரத்தில் வீரர் சங்கத்துக்கு ஒப்பான ஒன்று உண்டென்றால் அது பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம். காமாட்சியம்மன், முருகன், திருவள்ளுவர், அறிஞர் அண்ணா என்று பெயர் தாங்கிய சங்கங்கள் இந்த ஊரில் கூலியின் தரையை உயர்த்தின. சங்கக் கூலி எழுத்தில் இருக்கிறது. தனியார் முதலாளியும் அதைப் பார்த்தே பேச வேண்டியிருக்கிறது. தீபாவளிக்குப் போனஸ், கூலியில் பிடித்து அரசுப் பங்கும் சேரும் சேமிப்புத் திட்டம், நல்ல தரத்தில் பட்டு நூல் ஆகியவை உறுப்பினருக்குக் கிடைத்தன. முன்பணத்தின் பிடியிலிருந்து பல குடும்பங்கள் வெளியே வந்தது இந்தச் சங்கங்களின் வழியாகத்தான்.

ஆனால் சங்கம் உறுதி செய்வது ஒரு சேலைக்கான கூலியை. ஆண்டுக்கு எத்தனை சேலை என்பதை அல்ல. விற்காத சேலைகள் சங்கத்தின் அலமாரியில் தேங்கினால் நூல் குறைகிறது. உறுப்பினருக்குப் பாவு தாமதமாகிறது. கூலி விகிதம் அப்படியே இருக்க, கைக்கு வரும் பணம் பாதியாகலாம். பாவு கிடைக்காத உறுப்பினர் அந்த இடைவெளியில் தனியாரிடம் போகிறார். அங்கே முன்பணம் காத்திருக்கிறது. என்பிஏ வீரர் விலையையும் காலத்தையும் சேர்த்தே உறுதி செய்துகொண்டார். நெசவாளிக்கு விலை மட்டும் கிடைத்தது.

அரசின் ஆதரவு பெருமளவில் தள்ளுபடி மானியமாகவே வருகிறது. அது வாங்குபவருக்கு விலையைக் குறைத்து விற்பனையைத் தூண்டுகிறது. தேங்கிய சரக்கு நகர உதவுகிறது. ஆனால் அதே மானியத்தைப் பெறும் சங்கம் தன் உறுப்பினருக்கு ஆண்டுக்குக் குறைந்தது இத்தனை பாவு தர வேண்டும், தராத பாவுக்குக் கூலியில் ஒரு பங்கையாவது ஈடாகக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு அது வருவதில்லை. அப்படி ஒரு நிபந்தனை வந்தால், எந்த வடிவம் விற்கும் என்ற கணிப்பில் சங்க நிர்வாகம் இப்போதைவிடக் கவனமாக இருந்தாக வேண்டும். தவறினால் அது கணக்கேட்டில் செலவாக ஏறும், தணிக்கையில் தெரியும். தனியார் முதலாளிகளுக்கு இதை விதிப்பது கடினம். அங்கே முதல் தேவை முன்பணத்தை எழுத்தில் கொண்டுவந்து, ஒவ்வொரு சேலைக்கும் அதில் இவ்வளவு கழியும் என்று குறிப்பது. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழு, தறிகளின் முன்பணக் கணக்கைத் தன் நிகழ்ச்சி நிரலில் சேர்த்தால் போதும்.